வெறும் வயிறும் வெண்பொங்கலும்

மூன்று மாதங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை விடியலில், அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருப் பெருமாள் கோயிலில், ஐம்பது ஆண்டுகளாக நான் சொல்லிவரும் பாசுரம் ஒன்றின் மூன்றாம் அடி என்னைக் கைவிட்டது.

முதலடி வந்தது. இரண்டாமடி வந்தது. அதற்கப்பால்... வெறுமை. பட்டர் திரும்பிப் பார்த்து, புன்னகையோடு எடுத்துக் கொடுத்தார். உடன் பாடும் கோஷ்டி தொடர்ந்தது. நான் தூணைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் தடுமாற்றம் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அந்த மாதத்தில் அது நான்காம் முறை. குரல் வேறு தடித்திருந்தது. வைகாசி வெயிலிலும் எனக்கு மட்டும் போர்வை வேண்டியிருந்தது. எழுபதை நெருங்கும் ஒருத்தி என்ன நினைப்பாள்? மறதி நோய் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். கண் மங்கினால் கண்ணாடி உண்டு. கால் தளர்ந்தால் கோல் உண்டு. நெஞ்சில் இருக்கும் பாசுரம் போய்விட்டால் எதை ஊன்றிக்கொண்டு நிற்பது?

கோஷ்டியில் என் அருகே நிற்பவர் வசந்தா. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்பிடி ஊதிக் கீது? தைராய்டு மாத்திர ஒயுங்கா துன்றியா இல்லியா?"

"ஒருநாளும் தவறினதில்லை, வசந்தா."

"அப்ப டாக்டராண்ட போய்ச் சொல்லு. இங்க நின்னு அய்துகினு இருந்தா, பெருமாள் இன்னா பிளட் டெஸ்ட்டா எடுப்பாரு?"

நியாயமான கேள்விதான். ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட்டோடும் கணவரோடும் ஆவடியில் இருக்கும் எங்கள் டாக்டரைப் பார்க்கச் சென்றேன். டிஎஸ்எச் பதினான்கு என்றிருந்தது. அருகில் அச்சிட்டிருந்த உச்ச வரம்போ ஐந்தைக்கூட எட்டவில்லை.

"இவ்வளவு கூடிப்போச்சே டாக்டர். மாத்திரையைப் பாதியாக்கிடலாமா?" என்றேன்.

டாக்டர் சிரித்தார். என் மகள் வயதுப் பெண்மணி. "நிறைய பேர் இதைத்தான் கேக்கறாங்கம்மா. டிஎஸ்எச்ங்கறது தைராய்டு சுரக்கறது இல்ல. மூளைக்கு அடியில ஒரு குட்டிச் சுரப்பி இருக்கு. 'பத்தலை, இன்னும் சுர'ன்னு அது தைராய்டுக்கு அனுப்பற உத்தரவும்மா இது. ஹார்மோன் குறையக் குறைய உத்தரவு ஏறும்."

என் கணவர் ஆவடித் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தோராண்டு இருந்தவர். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"அப்போ இது புரொடக்ஷன் நம்பர் இல்ல. சூப்பர்வைசர் போடற கூச்சல்!"

"கரெக்ட் சார். இவங்க மாதிரி மாத்திரை போடறவங்களுக்குக் கூச்சல் ஏறினா, மருந்து பத்தலைன்னு அர்த்தம். எழுபத்தஞ்சு மைக்ரோகிராம் மாத்திரையை நூறாக்கலாம்..." எழுதப்போனவர் பேனாவை நிறுத்தினார். "வெறும் வயித்துலதானே போடறீங்கம்மா?"

"ஆமாம்."

கணவர் கனைத்தார். "டாக்டர், ப்ராசஸை நான் சொல்றேன். நாலரைக்கு எழுந்திருப்பா. அஞ்சரைக்குக் கோயில். ஆறே முக்காலுக்குத் தீர்த்தம், ஒரு தொன்னை வெண்பொங்கல். ஏழு மணிக்கு வீட்டுல காபி. அந்தக் காபியோட தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை... ரெண்டும் ஒரே வாயில."

டாக்டர் என்னைப் பார்த்தார். "வெறும் வயிறுன்னு சொன்னீங்களேம்மா?"

"பிரசாதம் எப்படி டாக்டர் சாப்பாடாகும்?"

நான் பொய் சொல்லவில்லை. எத்தனையோ காலைகளில் அந்தத் தொன்னையைக் கண்ணில் ஒற்றி, வாயிலிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து 'இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை' என்று மனமாரச் சொல்லியிருக்கிறேன். பெருமாளுக்கும் எனக்கும் இடையிலான அந்த விஷயத்தில் வயிற்றுக்குப் பங்குண்டு என்று ஒருபோதும் எண்ணியதில்லை. காபியையோ... காபியை எந்தத் தமிழர் சாப்பாட்டில் சேர்த்திருக்கிறார்?

"பெருமாளுக்கு அது தெரியும்மா. குடலுக்குத் தெரியாதே! கீழ பொங்கல், மேல காபி, கூடவே கால்சியம். மாத்திரை உடம்புல சேர்றதுக்கு வழியே விடலையே நீங்க."

எழுபத்தைந்து எழுபத்தைந்தாகவே நின்றது. எழுந்தவுடன் வெறும் தண்ணீரோடு மாத்திரை, குறைந்தது ஒரு மணி நேரம் வேறெதுவும் கூடாது, கால்சியம் மதிய உணவுக்குப் பிறகு, எட்டு வாரம் கழித்து மறுபடியும் டெஸ்ட் என்றார்.

எனக்கு ஒரு தடை இருந்தது. "தரிசனத்துக்கு முன்னால வாயில எதுவும் படக்கூடாதே டாக்டர்."

"ஒரு தொன்னை பொங்கல் சாப்பாடு இல்லைன்னீங்க. இத்தனூண்டு மாத்திரை மட்டும் சாப்பாடாம்மா?"

எத்தனையோ வாதங்களைக் கேட்டவள் நான். அன்று ஒரே வரியில் தோற்று, ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தேன். கணவர் மட்டும் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

மறுநாளிலிருந்து நாலரைக்கு மாத்திரை. குளித்து, கோலமிட்டு, கோயிலுக்குச் சென்று, சேவித்து, தொன்னை கைக்கு வரும்போது இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். காத்திருக்க வேண்டிய நேரம் முழுவதும் வழிபாட்டிலேயே கழிகிறது. இதைவிட இனிய மருத்துவம் உண்டா?

ஒன்று கற்றேன். டாக்டர் கேட்கும் கேள்விக்கு நாம் நமது அகராதியைப் பார்த்தே விடை சொல்கிறோம். 'வெறும் வயிறு' என்பவரின் வயிற்றில் இரண்டு பிஸ்கட் இருக்கும். 'தவறாமல் போடுகிறேன்' என்பவர் ஞாயிற்றுக்கிழமைக்கு விடுமுறை விட்டிருப்பார். தேர்வு எழுதுவதுபோல் சரியான விடையைச் சொல்வதைவிட, எத்தனை மணிக்கு எதை விழுங்கினோம் என்று சொல்லிவிடுவது நல்லது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை.

எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் வரம்புக்குள் வந்தது. போர்வை பெட்டிக்குள் போயிற்று. குரல் மெல்ல மெல்லத் தெளிந்தது. சென்ற சனிக்கிழமை, அந்தப் பாசுரம் அடி பிசகாமல், ஆற்றொழுக்காக வந்தது. கண்ணீரும் வந்தது, அது வேறு.

அன்றைக்கு இன்னொன்றும் கவனித்தேன். வசந்தாவின் குரல் ஒவ்வோர் அடியிலும் அரை நொடி பின்தங்கியே வந்தது. புதிதாக ஞானம் பெற்றவள் சும்மா இருப்பேனா?

"வசந்தா, நீயும் ஒரு தடவை டிஎஸ்எச் பாத்துடேன். அடிக்கு அடி பின்தங்கறியே."

"எனக்குத் தைராய்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா. பாட்டே தெரியாது. பன்னெண்டு வர்சமா உன் வாயப் பாத்துதான் பாடிக்கினு கீறேன்!"