குடவோலை போட்ட நாள்

அந்தப் பஞ்சு மீசை அரித்ததுதான் முதலில் ஞாபகம் வருகிறது. கோந்து தடவி ஒட்டியது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் போகும். உத்திரமேரூரில் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது நான்தான் சபைப் பெரியவர். எங்கள் ஊர்க் கோவில் சுவரில் வெட்டிவைத்திருக்கும் குடவோலைத் தேர்தலை வரலாற்று டீச்சர் நாடகமாகப் போட்டார். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்துச் சபைக்கு ஆள் தேர்ந்த கதை. பாடமாக நடத்தியபோது பாதி வகுப்பு தூங்கி வழிந்தது. நாடகம் என்றதும் அதே வகுப்பு மணியடித்தும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றது. இப்போது என் மகனுக்கு அதே பாடத்தைத் திரையில் ஓடவிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, யார் இல்லையென்றது? அவனுக்கு மீசை அரிக்கவில்லை, அவ்வளவுதான்.

வேட்பாளர் வேடத்தை அழுது அடம்பிடித்து வாங்கியவள் என் பெஞ்சுக்காரி. டீச்சர் கேள்வி கேட்டால் மேசைக்கு அடியில் பென்சில் தேடுகிறவள் அவள். ஏரிப் புறம்போக்கில் ஒரு குடிசை, பட்டா கிடையாது, அதுதான் அவள் வீடு. ஒத்திகையில் நான், “வரி கட்டும் சொந்த நிலம் உண்டா?” என்பேன். “உண்டு!” என்பாள். “சொந்த மனையில் கட்டிய வீடு?” “உண்டு!” அடேயப்பா, என்ன மிடுக்கு! ஒருநாளாவது மேடையில் நின்று எல்லாரும் பார்க்கப் பேசிவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

நாடகத்தன்று அவள் அம்மா நடவைப் பாதியில் விட்டுவிட்டு, காலில் சேறு காயாமல் ஓடிவந்து முன்னால் உட்கார்ந்தாள். நான் நிலம் உண்டா என்று கேட்டேன். பெஞ்சுக்காரி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர், “உண்டுன்னு சொல்லுடி!” என்று அடிக்குரலில் அதட்டினார்.

“இல்ல,” என்றாள் அவள். “எங்கம்மா எதுருல குந்திக்கினு கீது. எப்பிடிப் பொய் சொல்றது?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விதிப்படி நான், “தகுதி இல்லை, போ” என்று சொல்லியாக வேண்டும். நான் மீசையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவளா விடுகிறவள்? “என்னயே கேக்கிறியே, உனுக்குக் கீதா நெலம்?” என்றாள்.

எனக்கேது? என் அப்பா அறுப்புக்குக் கூலி போகிறவர். மீசையோடு, “இல்ல,” என்றேன். சபை முழுவதையும் வரிசையாகக் கேட்டாள். இல்ல, இல்ல, இல்ல. சிரிப்பு மெல்ல அடங்கியது. கீழே எங்களைப் பெற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தனை நாள் மனப்பாடமாக ஒப்பித்த விதி எங்களைத்தான் வெளியே நிறுத்துகிறது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது.

அவள் அம்மா எழுந்தாள். மானத்தை வாங்கிவிட்டாள் என்று அறையத்தான் வருகிறாள், தொலைந்தாள் இவள் என்று நினைத்தேன். அம்மா நேராக மேடையருகே வந்து டீச்சரைக் கூப்பிட்டாள்.

“எம் பொண்ணு பேர எயுதிப் போடுங்க டீச்சர். நெலம் இல்லாங்காட்டி இன்னா? ஊரு இல்லியா எங்களுக்கு?”

டீச்சர் வெளியே வந்தார். ஓர் ஓலையை எடுத்து அவள் பெயரை எழுதினார்.