எந்த நட்சத்திரம்?

தாப்பாவிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸின் கண்டக்டர், டிக்கெட் கிழிக்குமுன் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். யார் கையில் பத்திரிகை இருந்தாலும் எட்டிப் பார்ப்பார். எழுபத்தொன்பதில் ஒருநாள் என்னுடையதைப் பார்த்தார்.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"ஏதோ நட்சத்திரம் வெடிச்சு கதிரா கொட்டுச்சாம்ணே. அதுல பயங்கரக் காந்தம் இருக்கணுமாம். விண்கலமே திணறிப்போச்சாம்."

விரல் நாக்கிலேயே நின்றது.

"எந்த நட்சத்திரம்? மகளுக்குப் பூரம் லா. அடுத்த மாசம் கல்யாணம்."

"இது நியூட்ரான் நட்சத்திரம்ணே. வெடிச்சு லட்சம் வருஷத்துக்கு மேலாச்சு. கதிர் இப்பதான் இங்க வந்து சேர்ந்திருக்கு."

நிம்மதியாக டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். இரண்டு இருக்கை தாண்டியவர் திரும்பி வந்தார்.

"அந்தக் காலத்துல கல்யாணம் கட்டுனவங்கதான் பாவம் லா."

அந்த மணமக்களுக்காக வருத்தப்பட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.