தலைவர் விரல் நீட்டிய இடம்

நான் வேலை பார்த்த பத்திரிகைகள் எல்லாம் எனக்கு முன்னாலேயே செத்துப்போயின. நிருபர், துணையாசிரியர், ஒரு வார இதழுக்கு ஆசிரியர், யாரும் வாங்காத சில புத்தகங்களுக்கு எழுத்தாளர் என்று ஊர் ஊராகத் திரிந்தாயிற்று. இப்போது அசாம் ஜாவா என்ற சின்ன ஊரில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறை. உயிரோடிருக்கிற ஒரு தமிழ் நாளிதழுக்காக ஜெராம், சுங்கை செம்பிலாங், சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்கள் என்று மோட்டாரில் அலைந்து செய்தி அனுப்புகிறேன். எழுதி என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்டால் முன்பெல்லாம் சண்டைக்குப் போவேன். இப்போது மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறேன்.

எங்கள் தொழிலில் குறைச் செய்திக்குப் படம் எடுக்க ஒரு முறை இருக்கிறது. சாலையில் பள்ளமா, கூரை ஒழுகுகிறதா, ஒருத்தர் பக்கத்தில் நின்று விரலை நீட்டிக் காட்டவேண்டும். முகம் கேமராவுக்கு, விரல் பள்ளத்துக்கு. அந்த ஒருத்தர் சும்மா ஆளாக இருந்தால் படம் பக்கத்தில் ஏறாது. கட்சியோ, சங்கமோ, கோயில் கமிட்டியோ, தலைவர் என்று யாராவது நீட்டினால்தான் பள்ளத்துக்கே மரியாதை. என்ன கருமமோ, இந்த வழக்கத்தை யாராலும் மாற்ற முடியவில்லை.

ஜெராம் போகிற வழியில் ஒரு தோட்டம் கைமாறியது. வீடமைப்புத் திட்டம் வருகிறதாம். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எப்போதோ வெளியேறிவிட்டார்கள். செத்தவர்கள் மட்டும் தோட்டத்துச் சுடுகாட்டில் கிடந்தார்கள். அங்கே ரப்பர் பால்மரம் சீவி, பிறகு செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிய ஓர் அக்கா, இப்போது மகனோடு என் அறைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். புருஷனை அங்கேதான் புதைத்திருக்கிறார். ஒரு நாள் காலையிலேயே என்னைத் தேடி வந்துவிட்டார்.

“தம்பி, புல்டோசர் வர்றதுக்குள்ள பேப்பர்ல போட்டுடுங்க தம்பி. எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன். அந்த மனுசன் படுத்திருக்கிற எடத்தையாச்சும் விடச் சொல்லுங்க.”

மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் சுடுகாடு. தாண்டுவதற்கு ஒற்றைப் பலகை. மழை பெய்து ஒரே சேறு. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சரசரவென்று போய்விட்டார். பாராங்கத்தியால் புல்லை வெட்டி ஒதுக்கினார். கையால் பூசிய சிமெண்டு மேடை, தலைமாட்டில் நீல டைல்ஸ். அக்கா விரலை நீட்டவில்லை, மேடையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்படியே படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு, விரல் நீட்டுவதற்காக நான் வரச் சொல்லியிருந்த உள்ளூர்க் கட்சித் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. பலகையைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார்.

“ஐயையோ, அந்தப் பக்கம்லாம் வேணாம்ணே. இங்கருந்தே காட்டறேன், எல்லாம் ஒன்னுதான் லா. மூஞ்ச சோகமா வச்சிக்கவா?”

இந்தப் பக்கம் ஒரு மண்மேடு இருந்தது. தோட்டம் நடந்த காலத்தில், லோரி வரும்வரை செம்பனைப் பழக் குலைகளைக் கொட்டி வைத்திருந்த இடம். அதைப் பார்த்து விரலை நீட்டினார். இரண்டு படத்தையும் அனுப்பினேன். சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று தெள்ளத்தெளிவாக எழுதினேன். தலைவர் படம் பெரிதாக வந்தது. அக்கா படத்துக்கு இடமில்லையாம்.

என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் எழுதிய செய்திக்குப் பலன் கிடைத்தது. தோட்டத்தை வாங்கிய கம்பெனியில் நல்ல மனதோடு வேலி போட்டார்கள். மண்மேட்டைச் சுற்றி. பச்சைக் கம்பி வேலி, மலாய் மொழியில் ‘இந்து இடுகாடு’ என்று பலகை வேறு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. ஒரு டைல்ஸ் துண்டுகூட மிஞ்சவில்லை.

கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினேன். மலாய்க்கார அதிகாரி தங்கமான மனிதர். நாற்காலி கொடுத்து, பேப்பரை மேசைமேல் விரித்து, தலைவரின் விரலைத் தொட்டுக் காட்டினார். “உங்கள் தலைவரே காட்டுகிறாரே.” கீழே நான் அரைப்பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். அவருக்கு அது எறும்பு ஊர்ந்த தடம். அவர்மேல் என்ன குற்றம்? தமிழ் படிக்கத் தெரிந்த நம் ஆட்களிலும் ஒருத்தராவது படித்துவிட்டு, இடம் தப்பு என்று போன் போடவில்லையே! படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள், எல்லாரும். இதற்காகவா நான் கல்யாணம் காட்சி இல்லாமல் தெருத்தெருவாக அலைந்தேன்?

தலைவரை போனில் பிடித்தேன். “வேலி போட வச்சோம்ல, அதுவே பெரிசு. இப்ப போயி எடம் மாறிப்போச்சின்னா இதையும் புடுங்கிடுவான். சும்மா இருங்கண்ணே.”

அக்காவிடம் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. நம்பவில்லை. நேரில் பார்க்கவேண்டும் என்றார். வாய்க்கால் ஓரத்தில் நின்று அந்தச் செம்மண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதால் தேவலை என்று இருந்தது எனக்கு. பிறகு திரும்பி வேலிக்குள் போனார். மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இங்க பழந்தானே தம்பி கொட்டுவோம்?”

தலையாட்டினேன்.

“நான் போனா என்னைய இங்க போட்டுடச் சொல்லுங்க. சும்மா கெடக்கு பாருங்க, வேலிக்குள்ள ஒரு ஆளாச்சும் இருக்கட்டும்.”