முனாப் இழுத்த லைன்

சாய்ந்தமருதில் முனாப் என்றால் யாருக்கும் ஆளைத் தெரியாது. கேபிள் முனாப் என்றால் கைகாட்டி விடுவார்கள். மகள் அம்ஹா பிறந்த நாற்பதாம் நாள் தோஹாவுக்குப் போனவன், அங்கே நாலு வருடம் உயர்ந்த கட்டடங்களில் கம்ப்யூட்டர் கேபிள் இழுத்தான். மனைவி கைருன்னிஸாவின் குரல்தான் அவனுக்கு ஊர். வெள்ளிக்கிழமைகளில் தொழுதுவிட்டு வந்து கோல் எடுப்பான். அவள் எடுத்தவுடன் பெயர் சொல்லமாட்டாள், "ம்" என்பாள். அந்த ஒரு எழுத்தைக் கேட்கத்தான் அவன் வாரம் முழுக்கக் காத்திருந்தான்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில், சுனாமியென்று கடல் ஊருக்குள் வந்த அன்று தோஹாவில் அவனுக்கு லீவு. டீவியில் பார்த்துவிட்டு வீட்டு நம்பரை அடித்தான். மணி போனது. மூன்று நாளும் போனது. மணி போகிறதென்றால் வீடு இருக்கிறது என்றுதான் நினைத்தான். நாலாம் நாள் கைருன்னிஸாவின் தங்கை றபீக்கா, அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து அவனுக்குக் கோல் எடுத்தாள்.

"மச்சான், புள்ள என்னோட இரிக்கி."

"அவ?"

றபீக்கா போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள்.

அவன் வந்து சேர்வதற்குள் எட்டு நாள் ஆகிவிட்டது. அடையாளம் தெரியாத மையித்துகளை எல்லாம் மையவாடியில் ஒன்றாக அடக்கிவிட்டிருந்தார்கள். கடற்கரை ஒழுங்கையில் கைருன்னிஸாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. அவன் திரும்பத் தோஹாவுக்குப் போகவில்லை. வேறு கலியாணமும் செய்யவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "பாப்பம்" என்று சொல்லிச் சொல்லியே நாலு வருடத்தைக் கடத்தினான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தபோது அவன் கல்முனையில் ஓர் உதவி நிறுவனத்தில் டெக்னீஷியனாக இருந்தான். நிறுவனத்துக்கு இரண்டு கட்டடங்கள். இண்டர்நெட் வருவது மெயின் ரோட்டுக் கட்டடத்துக்கு. அதற்குள் பொதுமக்களை விடமாட்டார்கள். மக்கள் வந்து போவது அறுநூறு மீட்டர் தள்ளி, கடற்கரைப் பக்கம் இருந்த சின்னக் கட்டடத்துக்கு. வன்னியிலிருந்து வந்து வவுனியா முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பதிவு இண்டர்நெட்டில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. கடற்கரைக் கட்டடத்துக்கோ வாரத்துக்கு ஒருமுறை, அச்சடித்த தாளில், பழசாகித்தான் வரும்.

அந்தத் தாளைப் பார்க்கப் பாண்டிருப்பிலிருந்து தினமும் ஒரு அம்மா வருவார். சின்னத்தங்கம். புருஷன் தங்கராசாவைக் கடல் கொண்டுபோனது. ஒரே மகள் வசந்தினி, சமாதான காலத்தில் கிளிநொச்சிப் பொடியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். ஜனவரிக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை.

"தம்பி, இண்டைக்குத் தாள் வருமா?" என்று முனாப்பைக் கண்டால் கேட்பார்.

"வெள்ளிக்கிழமைதானேம்மா வரும்."

"ஓம், தெரியும். சும்மா கேட்டன்."

சொல்லிவிட்டுப் போகமாட்டார், சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். முனாப்பால் அந்த இருப்பைப் பார்க்க முடியவில்லை. மேலதிகாரியிடம் போய், இரண்டு கட்டடத்தையும் இணைத்துத் தருகிறேன் என்றான். சாதாரணச் செப்புக் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யாது. முன்பு நடுநடுவே தூண்களில் பெட்டி கட்டி இழுத்த லைனை உப்புக்காற்றும் மின்னலும் தின்றுவிட்டிருந்தன. இந்த முறை ஃபைபர் இழுப்போம், இரண்டு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர் வைப்போம் என்றான். சவர்க்காரப் பெட்டியளவு சாமான் அது. ஒரு பக்கம் செப்புக் கேபிளைக் குத்தினால், அதில் வருவதை வெளிச்சமாக மாற்றி மற்றப் பக்கம் கண்ணாடி இழைக்குள் அனுப்பும். அந்த முனையிலுள்ள பெட்டி வெளிச்சத்தைத் திரும்பவும் செப்புக்கு மாற்றிக் கொடுக்கும்.

ஜூன் மாதம் முழுக்கத் தூண் தூணாக ஏறி இழுத்தான். இரண்டு முனையிலும் பெட்டிகளைப் பூட்டிய அன்று, கடற்கரைக் கட்டடத்தில் வேலை செய்த நிரோஜினி கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தாள்.

"நானா, கனெக்ட் எண்டுதான் காட்டுது. ஆனா ஒண்டும் வருகுதில்லையே."

முனாப் பெட்டியைப் பார்த்தான். செப்புப் பக்கத்து லைட் பச்சையாக எரிந்தது. ஃபைபர் பக்கத்து லைட் செத்துக் கிடந்தது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்திலிருக்கும் பெட்டி வரைக்கும்தான். அதற்கு அப்பால் அறுநூறு மீட்டரில் என்ன நடக்கிறதென்று அதற்குத் தெரியாது. தோஹாவில் மூன்று நாள் கேட்ட மணிச்சத்தம் அவன் காதுக்குள் வந்தது. அந்த மணியும் வீடு வரைக்கும் போனதில்லை.

இந்தப் பெட்டி அனுப்பும் வாயிலிருந்து போகும் இழை, அந்தப் பெட்டி வாங்கும் வாய்க்குள் போகவேண்டும். மாறியிருக்குமோ என்று இரண்டு இழைகளையும் இடம் மாற்றிக் குத்திப் பார்த்தான். லைட் வரவில்லை. மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் அங்கிருந்த பெட்டியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. அவன் இழுத்த இழைக்குக் கடற்கரைப் பெட்டி சரி. இதுவோ வேறு வகை இழைக்கான பெட்டி. இதன் வெளிச்சம் அதற்கு ஒத்துவராது. கடைக்காரன் சோடி மாற்றி அனுப்பிவிட்டான்.

"கொழும்பிலிரிந்து வேற வரணும். ஒரு கிழம ஆகும்" என்று வந்து நிரோஜினியிடம் சொன்னான்.

வாங்கிலிருந்த சின்னத்தங்கத்துக்கு அது கேட்டது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். முனாப் அன்றைக்கே மெயின் ரோட்டுப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினான். வழிநெடுக செக்பொயிண்டில் இறங்கி, அந்தச் சின்னப் பெட்டி என்னவென்று ஒவ்வொருவருக்கும் விளக்கி, மூன்றாம் நாள் காலையில் சரியான சோடியோடு வந்தான்.

மெயின் ரோட்டில் அதைப் பூட்டிவிட்டு, கடற்கரைக்கு வந்து இழையைக் குத்தினான். லைட் ஒருமுறை துடித்தது. பிறகு நிலையாக எரிந்தது. நிரோஜினி பதிவைத் திறந்தாள்.

"ஒரு பேரப் போட்டுப் பாருங்க நானா, வேல செய்யிதா எண்டு."

முனாப் யோசிக்கவில்லை. விரல்கள் தாமாக 'கைருன்னிஸா' என்று அடித்தன. அது வன்னி மக்களின் பதிவு. அவள் போய் நாலரை வருடம். எல்லாம் அவனுக்குத் தெரியும். 'பதிவு இல்லை' என்று திரையில் வரும்வரை மூச்சை விடாமல் நின்றான். நிரோஜினி கையை நீட்டி அந்தப் பெயரை அழித்தாள்.

"இப்ப அம்மாட மகள்ற பேரப் போடுங்க" என்று முனாப் நகர்ந்து நின்றான்.

பத்தொன்பது வசந்தினிகள் வந்தார்கள். தகப்பன் பெயர் தங்கராசா என்று இருந்தவர்கள் இரண்டு பேர். பிறந்த இடம் பாண்டிருப்பு என்று இருந்தது ஒருத்திக்கு மட்டும்.

"அம்மா, இஞ்ச வாங்க" என்றான்.

சின்னத்தங்கத்துக்கு வாசிக்கத் தெரியாது. திரையில் அந்த வரியை நிரோஜினி தொட்டுக் காட்டினாள். அவர் அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, எடுக்கவேயில்லை.

"இருக்காளா?"

"இரிக்காம்மா. நேத்துத்தான் பதிஞ்சிரிக்காங்க."

ஜூலையில் சின்னத்தங்கம் வவுனியாவுக்குப் போய் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மகளைப் பார்த்தார். மருமகன் வரவில்லை, அவனைப் பற்றி மகளும் சொல்லவில்லை. டிசம்பரில் வசந்தினியை முகாமிலிருந்து விட்டார்கள். ஊருக்கு வந்த வாரமே தாய் அவளைக் கூட்டிக்கொண்டு முனாப்பைப் பார்க்க வந்தார்.

"இவர்தான் அந்தத் தம்பி" என்றார்.

வசந்தினி மெலிந்து போயிருந்தாள். தாய் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருக்க, இடைக்கிடை அவள் "ம்" என்றாள். முனாப் ஏதோ வேலையிருப்பதுபோல் உள்ளே போய்விட்டான்.

அன்று அசர் தொழுதுவிட்டு, மகள் அம்ஹாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மையவாடிக்குப் போனான். அவளை அங்கே கூட்டிப்போனது அதுதான் முதல் தரம். மதிலுக்கு வெளியே நின்றார்கள்.

"உம்மா எவடத்த வாப்பா?"

"தெரியா மகள். இதுக்குள்ள எங்கயோ."

"அப்ப எந்தப் பக்கம் பாத்து ஓதுற?"

முனாப் அவளைத் தூக்கி மதிலில் இருத்தினான். கண்ணுக்கு எட்டிய மணல் முழுவதையும் பார்த்துக்கொண்டு இருவரும் கையேந்தினார்கள்.