கரைக்குள் கேட்ட சத்தம்

நான் வியாபாரி. சரக்கு விற்க ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன், மறுக்கவில்லை. இதில் விற்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மீன் குட்டை வாங்கினேன். விற்றவர், அதைத் தன் கையாலேயே வெட்டி மண் கரை போட்ட கிழவர். பேரம் முடியும் நேரத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். குட்டை என் பெயரில். கரை மட்டும் அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று பத்திரம் எழுதினேன். கரை உடைந்தால் செலவு அவர் தலையில்!

அவர் சிரித்தார். "தண்ணி உனக்கு, கரை எனக்கா? பலே ஆளுய்யா நீ. சரி, என் கரைய நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். வாரம் தவறாமல் வந்து நண்டு வளை, எலி வளை எல்லாவற்றையும் களிமண் வைத்து அடைப்பார். கரைக்குக் கீழே பள்ளத்தில்தான் என் தங்கை வீடு. அவர் தயவில் நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த மழைக்காலத்தில் சில வாரமாக ஆளைக் காணோம். நான் விசாரிக்கவில்லை. அவர் கரை, அவர் கவலை. போதாததற்கு, மீன் தப்பிப் போகிறதென்று, உபரித் தண்ணீர் வழியும் வாய்க்காலை மணல் மூட்டை போட்டு அடைத்திருந்தேன்.

விடாத மழை. மூன்றாம் நாள், மாலை 5.10. தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, கரை அடியிலேர்ந்து தண்ணி பீச்சுது. கலங்கலா வருது."

தெளிவாகக் கசிந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கி வந்தால், கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள்.

"புள்ளைங்கள தூக்கிட்டு வெளிய ஓடு!"

"மாமியாரால எழுந்திரிக்கவே முடியாதுண்ணா. எப்படி விட்டுட்டு வர?"

5.25. கரைமேல் நின்றேன். தண்ணீர் விளிம்பைத் தொட ஒரு சாண்தான் பாக்கி.

சொத்... சொத்...

ஈரக் களிமண்ணை அறையும் சத்தம். கிழவர்! மார்பளவு தண்ணீரில் நின்று, கரையின் உட்பக்கத்தில் மண்ணை அப்பிக்கொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எப்ப வந்தீங்க பெரியவரே?"

"வாய்க்காலத் தொற." முகத்தைத் திருப்பவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அத்தனை மழையிலும் அவர் சட்டைத் தோள் நனையவில்லை...

மூட்டைகளை இழுத்துப் போட்டேன். 5.40. தண்ணீர் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் குட்டையின் மட்டம் ஓர் அடி இறங்கிவிட்டது.

அவருக்கு இன்னும் மார்பளவுதான்.

பிறகு... கழுத்தளவு.

பிறகு யாரும் இல்லை.

சொத்... சொத்...

சத்தம் என் காலுக்கு அடியில்.

கரைக்குள்ளே.

5.58. போன். "நின்னுடுச்சுண்ணா!"

மறுநாள் அவர் வீட்டுக்கு ஓடினேன். மகன் கதவைத் திறந்தார். "அப்பா தவறிப் போய் இருபத்திரண்டு நாளாச்சே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

கரையை என் பெயருக்கே எழுதி வாங்கினேன். என் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கியது அது ஒன்றுதான்.

மழை ஓய்ந்ததும் குட்டையை வடித்து, பழுது பார்க்கக் கரையை வெட்டினோம். மண் தோண்டும் வண்டிக்காரர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். கரைக்குள் ஓர் ஆள் தவழும் அகலத்துக்குப் பொந்து.

"சார், ரெண்டு வாயையும் உள்ள இருந்தே அடைச்சிருக்கு. கைத்தடத்தப் பாருங்க."

குனிந்து எட்டிப் பார்த்தார். சட்டென்று பின்வாங்கினார்.

"அடைச்ச ஆளு... எந்த வழியா சார் வெளிய வந்தாரு?"