மாமா உலுப்பிய வாதுமை

தைப்பொங்கல் முடிந்து சில நாட்களில் எங்கள் முற்றத்து வாதுமை சிவக்கத் தொடங்கும். கோப்பாயில் மற்ற மரங்களெல்லாம் வருடம் முழுக்கப் பச்சையாக நின்று அலுப்புத் தரும். இது மட்டும் முதலில் மஞ்சளாகி, பிறகு நல்ல இரத்தச் சிவப்பாகிவிடும். மாசிக்காற்று பிடித்தால் எல்லாம் கொட்டிவிடும் என்பதால் அந்தக் கடைசி வாரத்தை நான் விடுவதில்லை. விடியக் கோப்பியோடு போய் மரத்தின் கீழே அண்ணாந்து நிற்பேன். "உனக்கு வேற வேலை இல்லையோ?" என்று அம்மா கத்துவார். கத்தட்டும்.

என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன நாளும் அந்த வாரத்தில்தான் விழுந்தது. வீடும் வளவும் எனக்குச் சீதனம். எங்கள் ஊரில் முற்றத்தில் ஒரு சருகு கிடந்தால் அந்த வீட்டுப் பெண் சோம்பேறி. அதற்குமேல் விசாரணை கிடையாது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் கடைக்குப் போய்த் திரும்புகிறேன், அம்மாவின் தம்பி, என் மாமா, நுனியில் கொக்கி கட்டிய கொக்கத்தடியோடு மரத்தில் நிற்கிறார். கூட்டக் கூட்ட விழுகிறதாம். அதனால் எல்லாவற்றையும் தானே உலுப்பிவிட்டாராம். ஓர் இலை மிச்சமில்லை. அம்மா அள்ளிக் குவித்து நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை மாமா செய்து வைச்சிருக்கிறியள்?"

"நாளைக்குப் பார், முற்றம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும்."

அந்தக் கொக்கத்தடியைப் பிடுங்கி அவருக்கே ஒன்று போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் தெல்லிப்பழையிலிருந்து கார் வந்தது. மாப்பிள்ளையின் தாய் வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டார்.

"உதென்ன, வாசலிலை பட்ட மரம்? கலியாண வீட்டுக்குக் கூடாது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால் மரம் தப்பியிருக்கும். சொன்னால் எங்கள் முற்றத்திலும் சருகு விழும் என்பது தெரிந்துவிடுமே! "ஓம் ஓம், தறிக்கத்தான் இருந்தனாங்கள்" என்றார் மாமா. தேநீர்த் தட்டோடு நின்ற நான் வாயைத் திறந்தேன். அம்மா பின்னால் நின்று கிள்ளினார்.

சம்பந்தம் சரிவந்தது. அடுத்த கிழமையே மரத்தைத் தறித்தார்கள். விழுந்த கொப்புகளில் நுனிக்கு நுனி பச்சைக் குருத்து. ஒன்றை முறித்து மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதுவோ பட்ட மரம்?"

"மெல்லக் கதை பிள்ளை. அவையின்ரை காதிலை விழப்போகுது."

வைகாசியில் கலியாணம். அடுத்த நாள் வெயில் கொளுத்தியது. மாமியார் எங்கள் முற்றத்தில் கதிரை போட்டிருந்து விசிறிக்கொண்டே கேட்டார்: "ஏன் பிள்ளை, உங்கடை வளவிலை ஒதுங்க ஒரு நிழல் மரம் இல்லையே?"

அம்மா கிள்ளக்கூடிய தூரத்தில் இல்லை.

"நல்ல மரம் ஒண்டு நிண்டது மாமி. நீங்கள் வருவியளெண்டு இலையை உலுப்பினவை. நீங்கள் சொன்னதுக்காகத் தறிச்சவை."

விசிறி நின்றது. மாமியாரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.