அம்மாவுக்கு ஒரு சுமாரான லேப்டாப்

வக்கீல் சார் திருப்பி அனுப்பிய பத்திரத்தில் ஒரு பெண்ணின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் தப்பாக இருந்தது. ஓர் எழுத்து வரவேண்டிய இடத்தில் இரண்டு, சில இடங்களில் மூன்று. அவர் கோபக்காரர் அல்ல. போனில் தணிந்த குரலில்தான் பேசினார்.

"இப்பல்லாம் அடிக்கடி இப்படி ஆகுதும்மா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல என்னைத்தானே நிக்க வெச்சுக் கேக்கறான்."

அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். சமையலறையில் இருந்த எனக்கும் கேட்டது.

"லேப்டாப் சரியில்ல சார். பொண்ணு காலேஜ்ல வெச்சிருந்த பழசு. மாத்திடறேன் சார். இனிமே தப்பு வராது."

"பாத்துக்கோங்க. முடியலன்னா சொல்லுங்க, ஆபீஸ்லயே யாரையாவது வெச்சு அடிச்சுக்கறேன்."

மயிலாப்பூரில் அவருடைய அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து நின்ற பிறகும் அம்மா அவருக்காக மந்தைவெளி வீட்டிலிருந்தே பத்திரங்கள் அடித்துக் கொடுத்துவந்தாள். கிரயம், தானம், பாகப்பிரிவினை. என் சம்பளத்தில் இரண்டு பேரும் இருந்துவிடலாம், அதனால் வருமானம் ஒரு பொருட்டில்லை. ஆனால் அப்பா போன பிறகு, காலையில் குளித்து, கஞ்சி போட்ட புடவையாகக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார அவளுக்கு இருந்த ஒரே காரணம் அந்த வேலைதான். யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "வரப் பாக்கறேன், வேலை இருக்கு" என்பாள். அந்த 'வேலை இருக்கு'வைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நிமிரும்.

நான் மென்பொருள் சோதிக்கிறவள். பட்டியல் போடாமல் எதையும் தொடங்கியதில்லை. எடை, திரையின் அகலம், நினைவகம், பேட்டரி, விசைகளின் ஆழம் என்று எழுதிவிட்டு அவளிடம் கேட்டேன்.

"உனக்கு என்னென்ன வேணும், சொல்லு."

"சுமாரா இருந்தா போதும்டி. எழுத்து பெருசாத் தெரியணும். மடில வெச்சா சுடக் கூடாது. அப்புறம், வேலை பாக்கறப்போ குறுக்க வந்து 'அப்டேட் பண்ணட்டுமா, பண்ணட்டுமா'ன்னு தொணதொணக்கக் கூடாது, உங்கப்பா மாதிரி."

கடைசியைத் தவிர மற்றவை பட்டியலில் ஏறின. கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்: எழுத்து இரட்டிக்கக் கூடாது.

முதலில் பாண்டி பஜாரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். குளிர்சாதனம் அளவுக்கு மீறி வைத்திருந்தார்கள். விற்பனையாளர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. "மேடம், யூஸ் பண்ணப் போறது யாரு?" என்று என்னைக் கேட்டார். நான் அம்மாவைக் காட்டினேன். "ஓ, அம்மாவுக்கா? அப்ப பேசிக் மாடலே போதும். வீடியோ கால், பக்திப் பாட்டு, சீரியல், எல்லாம் நல்லா ஓடும்."

"நான் தொழிலுக்குக் கேக்கறேன்பா," என்றாள் அம்மா.

கடையில் இருந்தவற்றில் அவள் பழகிய தமிழ்த் தட்டச்சு முறை இல்லாததால், கிரயப் பத்திரத்தின் முதல் வரியை ஆங்கிலத்தில் அடித்தாள். எந்தக் கருவியைத் தொட்டாலும் அவள் அடித்துப் பார்ப்பது அந்த வரியைத்தான். முதுகு நேராக, மணிக்கட்டு மேசையில் படாமல், திரையையும் பார்க்காமல். முடித்த பிறகு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தையில் ஓர் எழுத்து நான்கு முறை விழுந்திருந்தது. அடுத்த வரியிலும் அப்படியே.

"இதுவும் அதே கேஸ்தான். வா."

நான் குறித்துவைத்திருந்த பெயர்களில் அந்த மாடலைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்து மாடலையும் அடித்தேன். வெளியே வந்தபோது மழை வரும்போல் இருந்தது; வரவில்லை. அடையாறில் ஒரு கடைக்கு ஆட்டோ பிடித்தோம். அங்கேயும் அதே வரி, அதே தப்பு. "இப்பல்லாம் எதையும் ஒழுங்கா செய்யறதில்ல. மெல்லிசா இருந்தா போதும்னு நெனைக்கறான்," என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆழமில்லாத விசைகள் என்று எழுதிக்கொண்டேன்.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, கோடம்பாக்கத்தில் பழைய அலுவலக லேப்டாப்களைச் சரிபார்த்து விற்கிற கடை ஒன்று இருக்கிறது, விசைகள் கனமாக இருக்கும் என்றாள். அடுத்த சனிக்கிழமை போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான கடை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கறுப்பு லேப்டாப்களுக்கு நடுவில் கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா ஆண்ட்டி, உக்காரு. இன்னா வோணும்?"

"கீபோர்டு நல்லா இருக்கணும்பா. எழுத்து ரெண்டு ரெண்டா விழக் கூடாது."

"ரெண்டா விழுதா? இது பேங்க்ல இருந்து வந்த மாலு. கீபோர்டு கல்லு மாறி கீது. தட்டிப் பாரு."

அம்மா அடித்தாள். திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு இரண்டே விரலால் எதையோ தட்டினார். சுத்தமாக வந்தது. இன்னொன்றை எடுத்து வைத்தார். அதிலும் அம்மாவுக்கு இரட்டித்தது. மூன்றாவதிலும்.

"ஆண்ட்டி, நீ கீ மேலயே குடித்தனம் பண்ணிக்கினு கீற. தட்டுனா வெரல எட்த்துரணும்."

"யார்கிட்ட சொல்றே? நான் டைப்ரைட்டிங் ஹையர், ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"அப்டியா! நான் எட்டாவதே நாலு தபா எய்தனவன். நம்பளுக்கே ஒயுங்கா வருது பாரு."

அம்மா சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே அந்த விசைப்பலகையில் அதே வரியை அடித்தேன். பிழையில்லாமல் வந்தது. பேனாவை எடுத்து அடுத்த மாடலை அடிக்கப் போனவள் அப்படியே நின்றேன்.

ஒரே பிழை எல்லாக் கருவியிலும் வந்தால் நாங்கள் கருவியைச் சந்தேகிப்பதில்லை. எது மாறாமல் இருக்கிறது என்று பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித்தருகிற பாடம் அது. நான் அம்மாவின் கைகளைப் பார்த்தேன். இடது கை விசையைத் தொட்டுவிட்டு எழுந்தது. வலது கையின் விரல்கள் எழுவதற்கு முன் எதையோ யோசிப்பதுபோல் அங்கேயே தங்கின. அடித்து முடித்ததும் அந்தக் கையை மடியில் வைத்தாள். கட்டைவிரல், ஓர் அரிசியை உருட்டுவதுபோல, சுட்டுவிரலின்மேல் தானாக உருண்டுகொண்டிருந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் முந்தானையை எடுத்து அதன்மேல் போட்டாள்.

"கை எப்பலேருந்தும்மா இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"அம்மா."

கடைக்காரர் எழுந்து டீ டம்ளரைக் கழுவ வெளியே போனார்.

"பஸ்ல கம்பியப் புடிச்சா இறுகிப்போகுது. கையெழுத்தும் பொடிப்பொடியா வருது. வயசானா வராதா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற ஏதாவதுன்னு தெரிஞ்சா சார் நிறுத்திடுவார்டி. லேப்டாப்புன்னா மாத்திக்கலாம்," என்றாள்.

இரண்டு வாரமாகக் கடை கடையாக அவள் எதைத் தேடினாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏதாவது ஒரு கருவியில் அந்த வரி ஒழுங்காக விழுந்துவிட்டால் போதும் என்று இருந்திருக்கிறாள்.

"டாக்டர்கிட்ட போகணும்மா."

"போலாம். மொதல்ல இத வாங்கு."

அந்தக் கல் மாதிரி விசைகள் உள்ளதையே வாங்கினோம். பட்டியலில் இருந்த பாதி விஷயங்கள் அதில் இல்லை. கனம் அதிகம். சூடும் ஆகும்.

டாக்டர் அவளைக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். அறைக்கு வெளியே நடந்து திரும்பச் சொன்னார். அதன் பிறகு 'பார்க்கின்சன்' என்று சொன்னார். மாத்திரையால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம், குணப்படுத்த முடியாது என்றார். அம்மா, பக்கத்து வீட்டு விஷயத்தைக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "டைப் அடிக்கலாமா?" முடிகிறவரை அடியுங்கள் என்றார் டாக்டர்.

லேப்டாப்பில் ஒரு வசதி உண்டு. ஒரு விசையை விடாமல் அழுத்தினாலும், உடனே மறுபடி தொட்டுவிட்டாலும், நாம் வைத்திருக்கும் நேரம் கடக்கும்வரை அது இரண்டாவது எழுத்தைப் போடாது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது அதை வைத்தேன். மறுநாள் அவள் முதல் வரியை அடித்தாள். மெதுவாக, ஆனால் சுத்தமாக வந்தது.

"பாத்தியா? நல்ல மெஷின்டி," என்றாள். நான் ஆமாம் என்றேன். வக்கீல் சாரைக் கூப்பிட்டுப் புது லேப்டாப் வாங்கியாச்சு என்று சொன்னாள். பழையதுதான், ஆனாலும் புது என்றாள்.

அவர் அனுப்பினார். கிரயப் பத்திரம் அல்ல, ஒரு பக்க உறுதிமொழிகள். ஒரு மணி நேர வேலை அவளுக்குக் காலை முழுக்க ஆகும். உள்ளறையில் இருந்து எனக்குக் கேட்கும்: ஒரு தட்டு, பிறகு அமைதி, பிறகு இன்னொரு தட்டு. முன்பெல்லாம் அந்தச் சத்தம் மழை ஓட்டின்மேல் விழுவதுபோல் இருக்கும். அவர் அனுப்புவது குறைந்துகொண்டே வருகிறது. வராத நாளிலும் அவள் குளித்து, புடவை மாற்றி, லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்காருகிறாள்.

போன வாரம் நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"அந்த நேரத்த இன்னும் கொஞ்சம் கூட்டி வெச்சுட்டுப் போ."

"எந்த நேரம்?"

"நீ வெச்சியே, அதான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வேணும்னே அமுக்கிப் பாத்தேன், ஒண்ணுதான் விழுது. எந்த மெஷின் தானா அப்படி இருக்கும்?"

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேரத்தைக் கூட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்ளோ கூட்டலாம்?"

"நெறைய இருக்கும்மா," என்றேன். அதிகம் இல்லை.

"சரி, நீ கெளம்பு. எனக்கு வேலை இருக்கு," என்றாள்.